அயன் பெட்டியும் ஆனியன் தோசையும்: எழுத்தோடு ஒட்டாத ஆங்கிலச் சொற்களை உச்சரிக்க முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் பக்கமே போகாதவரும் ‘துணியை அயன் பண்ணு’ என்று சொல்வார். ஆங்கிலேயர் சொல்வதும் அதேதான்: அயன். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் நடுவில் இருக்கும் ஆர் எழுத்தைப் பார்த்துவிட்டு ‘ஐரன்’ என்று திருத்துவார். வெங்காயத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் அது ‘அனியன்’. முதல் எழுத்து ஓ என்பதால் உணவக அட்டைகளில் ‘ஆனியன் ஊத்தப்பம்’ ஆகிவிட்டது.

தமிழுக்குள் வந்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவற்றை இப்படி இரண்டாகப் பிரித்துவிடலாம். காது வழியாக வந்தவை அநேகமாகச் சரியாக இருக்கும்: அயன், கர்னல், லெப்டினன்ட், பொக்கே, நெக்லஸ், லண்டன். கண் வழியாக வந்தவை அநேகமாகத் தவறும்: பிளம்பர், ஆனியன், சர்ஃபேஸ், ரிசிப்ட், டிடர்மைன். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கண் முந்துவதைத் தடுத்துக் காதை முன்னால் நிறுத்துகின்றன.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’தான்; நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’தான். தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது செய்வதையே இங்கும் செய்வோம்: பாம்பே-பி, பேப்பர்-பி, டெல்லி-டி, டேபிள்-டி. தமிழ் எழுத்தில் காட்டியிருக்கும் உச்சரிப்புகளும் தோராயமானவையே. துல்லியத்துக்கு இரண்டாம் படியில் சொல்லும் அகராதி முறைதான் வழி.

படி 1: பிளவு எங்கே வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘ஐந்து’ என்று எழுதி ‘அஞ்சு’ என்கிறோம், ‘காற்று’ என்று எழுதிக் ‘காத்து’ என்கிறோம். எழுத்து பழைய ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்க, வாய் நகர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் மேடையில் ‘ஐந்து’ என்று எழுத்துப்படியே சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல உறைய ஆரம்பித்தது. அதே நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. வீட்டைக் குறிக்கும் ‘ஹௌஸ்’ முன்பு ‘ஹூஸ்’. கடிப்பதைக் குறிக்கும் ‘பைட்’ முன்பு கிட்டத்தட்ட ‘பீட்’. பெயரைக் குறிக்கும் ‘நேம்’ முன்பு ‘நாமெ’. (சமஸ்கிருதத்தின் நாமத்துக்கும் இதற்கும் உறவு உண்டு.) வாய் மாறியது, ஈய அச்சு மாறவில்லை. ‘நைட்’ என்னும் வீரனின் பெயரில் இருக்கும் கே, ஜி, ஹெச் எல்லாமே ஒரு காலத்தில் ஒலித்தவைதான்.

இரண்டாவது காரணம் படித்தவர்களின் பெருமை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பாம்பே-பி கிடையாது. லத்தீன் மூலத்தில் அந்த எழுத்து இருக்கிறது என்று அறிஞர்கள் நடுவில் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டௌட்’டில் உள்ள பாம்பே-பி, ‘ரிசீட்’டில் உள்ள பேப்பர்-பி, குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் ‘இன்டைட்’டில் உள்ள சி ஆகியவையும் இப்படி வந்தவையே. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இன்னும் வேடிக்கை. அது லத்தீன் சொல்லே அல்ல, பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் சொல் ஒன்றோடு சாயல் இருப்பதாக எண்ணி ஓர் எஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். செருகிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலேயரே சிலவற்றை உச்சரிக்கவும் தொடங்கினார்கள். ‘ஃபால்ட்’ என்பதில் எல், ‘பர்ஃபெக்ட்’ என்பதில் சி இரண்டும் அப்படி ஒலி பெற்றவை. கண் காதைக் கெடுப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயில்லை.

(நம் ‘ரசீது’ இந்த ‘ரிசீட்’டின் திரிபு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல்.)

படி 2: அகராதியில் மூன்று குறிகளை மட்டும் படியுங்கள்

உச்சரிப்புக் குறியீடுகள் முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் மாதத்துக்கு மூன்று போதும்.

முதலாவது, சொல்லின் மேற்பகுதியில் நிற்கும் சின்னச் செங்குத்துக் கோடு. அதற்கு அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம். ‘ஹோட்டல்’ என்பதில் கோடு டேபிள்-டிக்கு முன்னால் இருக்கும், ஆகவே ஹோ-*டெல்*. ‘டெவலப்’ என்று நாம் சொல்வது டி-*வெ*-லப்.

இரண்டாவது, தலைகீழாகத் திருப்பிய ஆங்கில இ எழுத்து. அதன் பெயர் ஷ்வா. ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுதான். தனக்கென ஓர் எழுத்தும் இதற்கு இல்லை. அழுத்தம் விழாத அசையில் ஏ, இ, ஐ, ஓ, யு எது எழுதியிருந்தாலும் அது சுருங்கிப்போய் மெலிந்த ‘அ’ போல ஆகிவிடலாம். தமிழில் இதற்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது: குற்றியலுகரம். ‘காசு’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசி உகரம் எப்படி உதடு குவியாமல் அரை மாத்திரையாகக் குறுகுகிறதோ, அப்படித்தான் அங்கே உயிர் குறுகுகிறது. ஒலி வேறு, குறுகும் விதம் ஒன்று.

மூன்றாவது, உயிருக்குப் பின் வரும் இரட்டைப் புள்ளி போன்ற குறி. அது நெடில்.

இந்த மூன்றையும் வைத்து ‘கம்ஃபர்ட்டபிள்’ என்ற சொல்லைப் பாருங்கள். அது *கம்ஃப்*-ட-பிள், மூன்றே அசை. ‘வெஜிடபிள்’ என்பது *வெஜ்*-ட-பிள். ‘டேபிள்’ என்ற ஒலி இரண்டிலும் கிடையாது.

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பதிவு இரண்டும் கேட்கக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். மெரியம்-வெப்ஸ்டர் தனக்கென வேறு குறியீட்டு முறை வைத்திருப்பதால் இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பொத்தானை அழுத்திக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வது நல்லது. எழுத்து கண்ணில் பட்டால் காது அதற்கேற்பக் கேட்கும்.

படி 3: மௌன எழுத்தை ஜோடியாகப் பிடியுங்கள்

‘கே சில இடங்களில் ஒலிக்காது’ என்று படித்தால் பயனில்லை. எந்த எழுத்தோடு, எந்த இடத்தில் என்று பிடித்தால்தான் நிற்கும்.

சொல்லின் முதலில் கே-என் வந்தால் கே எப்போதும் மௌனம்: நைஃப், நீ, நாக், நாட். ஜெர்மானியர் முழங்காலை இன்றும் ‘க்னீ’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் க் உதிர்ந்தது. முதலில் டபிள்யூ-ஆர் வந்தால் டபிள்யூ மௌனம்: ரைட், ராங், ரிஸ்ட். இவை இரண்டிலும் விதிவிலக்குக்குப் பயப்பட வேண்டாம்.

வேர்ச்சொல்லின் இறுதியில் எம், பாம்பே-பி சேர்ந்து வந்தால் பாம்பே-பி மௌனம். கட்டை விரல் ‘தம்’, ஆட்டுக்குட்டி ‘லேம்’, ஏறுவது ‘க்ளைம்’. வெடிகுண்டு ‘பாம்’, சீப்பு ‘கோம்’, கல்லறை ‘டூம்’: இந்த மூன்றிலும் ஒரே ஓ, மூன்று ஒலி, தனித்தனியாகத்தான் பழக வேண்டும். குழாய் வேலை செய்பவர் ‘பிளமர்’. ஈயத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது, பழைய குழாய்கள் ஈயத்தில் செய்தவை.

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பிளமரைக் கற்றதும் நம்பரை ‘நமர்’ என்றும் டிம்பரை ‘டிமர்’ என்றும் சொல்லத் தொடங்குகிறார்கள். விதியில் ‘வேரின் இறுதியில்’ என்பதுதான் உயிர். ‘க்ளைம்’ என்பதோடு விகுதி சேர்ந்து ‘க்ளைமர்’. ‘பாம்’ என்பதோடு சேர்ந்து ‘பாமர்’. மரத்தைக் குறிக்கும் டிம்பரை அப்படி இரண்டாக வெட்ட முடியாது, ஆகவே அங்கே பாம்பே-பி ஒலிக்கும். சேம்பர், குக்கும்பர், நம்பர் எல்லாம் இந்த வகை.

எஸ்-டேபிள்-டி-எல்-இ என்று முடிந்தால் டேபிள்-டி மௌனம்: கோட்டை ‘காஸல்’, சீட்டி ‘விஸல்’, மல்யுத்தம் ‘ரெஸல்’. எஸ்-டேபிள்-டி-இ-என் முடிவிலும் அப்படியே: லிஸன், ஃபாஸன், ஹேஸன். டங்ஸ்டன் மட்டும் இதற்குள் வராது. ‘கனமான கல்’ என்ற பொருளில் ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்த சொல், அங்கே இரண்டாவது பாதி ‘கல்’ என்பதால் ஒலி நிற்கிறது.

ஏ-எல் சேர்ந்து பின்னால் கே, எஃப், எம் வந்தால் எல் பெரும்பாலும் மௌனம்: வாக், டாக், சாக், ஹாஃப், காஃப் (கன்று), காம், பாம் (உள்ளங்கை). பாதாம் ‘ஆமண்ட்’, அமெரிக்கர் சிலர் எல் சேர்த்தும் சொல்வார்கள். ஓ-எல்-கே என்றாலும் மௌனம்: முட்டையின் மஞ்சள் கரு ‘யோக்’. மில்க், சில்க், பல்க் ஆகியவற்றில் முன்னால் வேறு உயிர் இருப்பதால் எல் முழுதாக ஒலிக்கும்.

ஹெச் முதலெழுத்தாக இருந்தும் ஒலிக்காத வேர்கள் நான்குதான்: அவர் (மணி நேரம்), ஆனஸ்ட், ஆனர், ஏர் (வாரிசு). அவற்றின் முன் ‘ஆன்’ வருவதும் இதனால்தான். அமெரிக்கர் மூலிகையை ‘எர்ப்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘ஹெர்ப்’.

மௌன எழுத்தை நினைவில் வைக்க நல்ல உபாயம் அந்தச் சொல்லின் உறவினரைக் கூடவே கற்பது. ஒன்றில் ஊமையாக இருப்பது மற்றொன்றில் பேசும். சைன் என்பதில் பேசாத ஜி சிக்னேச்சரில் பேசுகிறது. மஸில் என்பதில் பேசாத சி மஸ்குலரில் பேசுகிறது. கண்டெம் – கண்டெம்னேஷன், டெட் – டெபிட், ரிசீட் – ரிசெப்ஷன். இப்படி ஜோடியாகக் கற்றவர் எழுதும்போதும் எழுத்தை விட மாட்டார்.

படி 4: எம், என், வி பக்கத்தில் நிற்கும் ஓவைச் சந்தேகியுங்கள்

வழிகாட்டிகளில் அதிகம் பேசாத விஷயம் இது. நமக்கு மிகவும் உதவும். கையெழுத்துக் காலத்தில் எம், என், யு, வி எல்லாமே ஒரே மாதிரியான குத்துக்கோடுகளால் ஆனவை. ‘யு’வுக்குப் பக்கத்தில் ‘என்’ வந்தால் எத்தனை கோடு எந்த எழுத்துக்கு என்றே தெரியாது. எழுத்தர்கள் குழப்பம் தவிர்க்க அங்கே யு-வுக்குப் பதில் ஓ எழுதினார்கள் என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். ஒலி மாறவில்லை. அதனால் இந்த ஓ-வைப் படிக்க வேண்டியது ‘அ’ என்றுதான்.

மகன் ‘சன்’, மாதம் ‘மந்த்’, தேன் ‘ஹனி’, குரங்கு ‘மங்கி’, மண்வாரி ‘ஷவல்’, பஞ்சு ‘ஸ்பஞ்ச்’, லவ், கவர், மதர், லண்டன். இவற்றில் பாதியைத் தமிழர் ஏற்கெனவே சரியாகச் சொல்கிறோம். ஸ்பாஞ்ச், ஆனியன் போன்ற மீதியைக் கண்ணால் படித்துக் கெடுத்தோம். ரொட்டி சுடும் அடுப்பும் ‘அவன்’தான், ‘ஓவன்’ இல்லை. தமிழ் வாக்கியத்தில் சொல்லிப் பார்த்தால் யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுவது போல இருக்கும், என்ன செய்வது!

இது சந்தேகப்படுவதற்கான குறிப்பு மட்டுமே. நாவல், காமன், ஹோம் ஆகியவை இதற்குக் கட்டுப்படாது. அகராதியில் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 5: இரட்டை எழுத்தில் தங்காதீர்கள்

வெண்ணெய்க்கான ஆங்கிலச் சொல்லில் இரண்டு டேபிள்-டி இருக்கின்றன. ஒலிப்பது ஒன்றுதான். கோடை, மகிழ்ச்சி, இரவுச் சாப்பாடு என்று எல்லாவற்றிலும் இப்படியே. நாமோ ‘பட்ட்டர்’, ‘சம்ம்மர்’, ‘டின்ன்னர்’ என்று மெய்யில் தங்கிவிடுகிறோம்.

இதற்கு இரண்டு காரணங்கள். தமிழில் மெய் இரட்டித்தால் பொருளே மாறும்: படு – பட்டு. பழத்தைப் ‘பளம்’ என்று தவறினாலும் மன்னிப்பார்கள், கலை – கல்லை என்று மாறினால் வேறு வாக்கியம். அந்தப் பழக்கம் காதில் ஊறியிருக்கிறது. இன்னொன்று நம் எழுத்து முறை. உயிர்களுக்கு நடுவில் ஒற்றை ‘ட’ வந்தால் அது மென்மையாகிவிடும். ‘படர்’ என்று எழுதினால் கொடி படர்வது போலத்தான் படிப்போம். வல்லொலியைக் காட்ட ‘பட்டர்’ என்று எழுதியாக வேண்டும். எழுதியபின் அதில் தங்காமல் என்ன செய்வது?

ஆங்கிலத்தில் இரட்டை எழுத்தின் வேலை முன்னால் இருக்கும் உயிர் குறில் என்று அறிவிப்பது. ஒற்றை என் உள்ளது ‘டைனர்’, இரட்டை என் உள்ளது ‘டினர்’. ஒற்றை டேபிள்-டி உள்ளது ‘லேட்டர்’, இரட்டை உள்ளது ‘லாட்டர்’. பயிற்சிக்கு, முதல் அசையை அழுத்தமாகச் சொல்லி மெய்யை ஒரு தட்டில் கடந்துபோங்கள். மெய் உண்மையாகவே இரட்டிப்பது இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில்: மிட்-டே, அன்-நேச்சுரல், புக்-கேஸ்.

படி 6: சொல்லின் வாலைக் குறுக்குங்கள்

அழுத்தம் வாலில் இல்லை என்றால் வால் சுருங்கும். இந்த ஒரு வரியில் நூற்றுக்கணக்கான சொற்கள் அடக்கம்.

ஏ-ஜி-இ வால் ‘இஜ்’ ஆகும்: விலிஜ், மெஸிஜ், லகிஜ், டாமிஜ். அடமானக் கடன் ‘மார்கிஜ்’, அதில் டேபிள்-டியும் மௌனம். ‘எங்கேஜ்’ என்பதில் அழுத்தம் வாலில் இருப்பதால் குறுகாது. ஏ-சி-இ வால் ‘இஸ்’ அல்லது ‘அஸ்’: சர்ஃபிஸ், ப்ரெஃபிஸ், பேலஸ், நெக்லஸ். கொள்முதல் ‘பர்ச்சஸ்’, ‘பர்ச்சேஸ்’ என்ற ஒலி பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் இரண்டிலும் கிடையாது. ஏ-ஐ-என் வால்: மவுன்டன், கேப்டன், சர்டன், ஆனால் எக்ஸ்ப்ளேன், மெய்ன்டேன் குறுகாதவை. ஐ-என்-இ வால்: எஞ்சின், எக்ஸாமின், டிடர்மின், அழுத்தம் வாலுக்குப் போனதால் மஷீன்.

ஏ-டேபிள்-டி-இ வாலுக்குத் தனிக் கவனம் வேண்டும். பெயர்ச்சொல்லாகவோ பெயரடையாகவோ இருந்தால் ‘அட்’, வினையாக இருந்தால் ‘ஏட்’. மதிப்பீடு ‘எஸ்டிமட்’, மதிப்பிடு ‘எஸ்டிமேட்’. பட்டதாரி ‘கிராஜுவட்’, பட்டம் பெறு ‘கிராஜுவேட்’. ப்ரைவட், க்ளைமட், சாக்லட் ஆகியவற்றுக்கு வினை வடிவம் இல்லை.

இறந்த காலத்து இ-டெல்லி-டி வால்தான் பேச்சில் உடனே காட்டிக்கொடுக்கும். டேபிள்-டி, டெல்லி-டி ஒலிகளுக்குப் பின்னால் மட்டுமே அது தனி அசை: வான்டிட், நீடிட். க், ப், ச், ஸ், ஷ், ஃப் போன்ற வல்லொலிகளுக்குப் பின் அது வெறும் வன்மையான ‘ட்’: வாக்ட், ஸ்டாப்ட், ஆஸ்க்ட், வாஷ்ட். மற்ற எல்லாவற்றுக்கும் பின் ‘பண்டம்’ என்பதில் வருவது போன்ற மென்மையான ட்: கால்ட், ஓபன்ட், லவ்ட். ‘வாக்கெட்’, ‘ஓபனெட்’ என்று நீட்டுவதை இன்றே நிறுத்தலாம். நேக்கிட், விக்கிட், சேக்ரிட் ஆகியவை பெயரடைகள், விதிக்கு வெளியே நிற்பவை.

படி 7: ஓ-யு-ஜி-ஹெச்

பயமுறுத்துகிற அளவுக்குக் கடினமில்லை. பின்னால் டேபிள்-டி வந்தால் ‘ஆட்’: பாட், தாட், ஃபாட், பிராட். வறட்சி மட்டும் ‘டிரௌட்’. டேபிள்-டி இல்லாமல் ‘ஃப்’ ஒலிக்கும் அன்றாடச் சொற்கள் ஐந்து: இனஃப், ரஃப், டஃப், காஃப் (இருமல்), மாட்டுத் தொட்டியைக் குறிக்கும் ட்ராஃப். மீதி ‘தோ’, ‘த்ரூ’ போலச் சில. ஒரு மாலையில் முடிந்துவிடும்.

படி 8: விதிக்கு அடங்காதவற்றைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

‘கர்னல்’ என்பதில் ஆர் எழுத்தே கிடையாது. இத்தாலியச் சொல்லின் எழுத்தையும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியையும் ஆங்கிலம் வைத்துக்கொண்டது. அதே போல ‘பிஸி’, ‘பெரி’ (புதை) இரண்டிலும் யு எழுத்து. எழுத்து ஒரு வட்டார வழக்கிலிருந்தும் ஒலி இன்னொன்றிலிருந்தும் நிலைத்தன. லெப்டினன்டை அமெரிக்கர் ‘லூடெனன்ட்’ என்பார்கள்.

படைப்பிரிவைக் குறிக்கும் ‘கோர்’ என்ற சொல்லைத் தேசிய மாணவர் படையின் ஆங்கிலப் பெயரில் பலர் ‘கார்ப்ஸ்’ என்கிறார்கள். அதில் பேப்பர்-பியும் எஸ்ஸும் மௌனம். ஆட்சிக் கவிழ்ப்பு ‘கூ’. இடிபாடு ‘டெப்ரீ’. துறைமுக மேடை ‘கீ’. விடுதியின் பெரிய அறை ‘ஸ்வீட்’. அளவுமானி ‘கேஜ்’. நீதிமன்ற அழைப்பாணை ‘சபீனா’. சமையல் குறிப்பு ‘ரெசிபி’, மூன்று அசை. புதன்கிழமை ‘வென்ஸ்டே’.

ஊர்ப் பெயர்களில் லெஸ்டர், வுஸ்டர், க்ளாஸ்டர் மூன்றும் எழுத்தில் மிக நீளமானவை, வாயில் இரண்டே அசை. கிரெனிச், டெம்ஸ் (ஆறு), எடின்பரா ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை விதியாக்கிச் சைரன்செஸ்டரைச் சுருக்கிவிடாதீர்கள், அதை முழுதாகவே சொல்கிறார்கள்.

படி 9: கைக்கு ஓர் உச்சரிப்பு, வாய்க்கு ஓர் உச்சரிப்பு

ஒலியைத் திருத்திக்கொண்டவர்களுக்கு உடனே வரும் சிக்கல் எழுத்துப் பிழை. ‘வென்ஸ்டே’ என்று சொல்லப் பழகியவர் எழுதும்போது டெல்லி-டியை விட்டுவிடுவார். ஆகவே பழைய தவறான உச்சரிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். ‘வெட்-நெஸ்-டே’, ‘ரி-சி-ப்ட்’, ‘இஸ்-லேண்ட்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் சரியானதைச் சொல்லுங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பொருள், வாய், கை. நாளுக்கு ஐந்து சொல் போதும். முதலில் ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டு, திரும்பச் சொல்லி, அதன்பின்தான் எழுத்தைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மொத்த உழைப்பும் வீண். பிறகு சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, அகராதி ஒலியோடு ஒப்பிடுங்கள். தனிச் சொல்லாகச் சரியாகச் சொல்பவர் வாக்கியத்தில் பழையபடி தவறுவது சகஜம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் மீண்டும் சோதியுங்கள். தவறியது மறுநாள் பட்டியலில் முதலிடம் பெறும்.

திருத்தம் எல்லை மீறவும் கூடாது. தமிழ் பேசும்போது குழாய் ஒழுகுகிறது, ‘பிளமரைக் கூப்பிடு’ என்றால் யாருக்கும் புரியாது. அங்கே பிளம்பர் தமிழ்ச் சொல்லாகிவிட்டார். ஆனியன் ஊத்தப்பமும் அப்படியே இருக்கட்டும். திருத்த வேண்டியது ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போதுதான்.

முதல் வாரத்துக்கு இந்தப் பதினைந்தை எடுத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் இருப்பது வாய்க்கு:

திங்கள்: ரிசிப்ட் – ரிசீட், டெப்ட் – டெட், பர்ச்சேஸ் – பர்ச்சஸ், சர்ஃபேஸ் – சர்ஃபிஸ், டிடர்மைன் – டிடர்மின்.

செவ்வாய்: மார்ட்கேஜ் – மார்கிஜ், கார்ப்ஸ் – கோர், கப்போர்டு – கபட், ஸ்வார்டு (வாள்) – சோர்ட், டார்டாய்ஸ் (ஆமை) – டார்டஸ்.

புதன்: ஓவன் – அவன், ஆல்மண்ட் – ஆமண்ட், இன்டிக்ட் – இன்டைட், டெவலப் – டிவெலப், ப்ரனௌன்சியேஷன் – ப்ரனன்சியேஷன். கடைசிச் சொல் உச்சரிப்பையே குறிப்பது. அதன் வினையில் இருக்கும் ‘ஔ’ ஒலி பெயரில் எழுத்தோடு சேர்ந்தே மறைந்துவிடுகிறது, அங்கே மட்டும் எழுத்தை நம்பலாம்.

வியாழனும் வெள்ளியும் புதிய சொல் வேண்டாம். பதினைந்தையும் வாக்கியத்தில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள்.